டிபி கோல்ட் நெகட்டிவ், ஆனால் இருமல் நிற்கவில்லை: இந்த இரத்தப் பரிசோதனையை எவ்வளவு நம்பலாம்?

கோத்தகிரிவாசி

எல்லோருக்கும் வணக்கம். அம்மாவுக்கு வயது 58, தேயிலைத் தோட்டத்தில் இலை பறிக்கிறார். சர்க்கரை உண்டு, மாத்திரை சாப்பிடுகிறார். பனி இறங்கியதிலிருந்து இருமல் விடவே இல்லை. மார்கழி, தை என்றால் எங்கள் லைனில் (தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகளில்) இருமாத வீடே கிடையாது, அதனால் பக்கத்து வீடுகளில் எல்லோரும் "பனி இருமல்தான்" என்கிறார்கள். ஆனால் அம்மா ரொம்ப இளைத்துவிட்டார். சாயங்காலமானால் உடம்பு சுடுகிறது. இந்தக் குளிரிலும் ராத்திரி கம்பளிக்குள் வேர்த்து நனைகிறார்.

தனியார் லேப் ஒன்றில் டிபி கோல்ட் என்கிற காசநோய் இரத்தப் பரிசோதனை எடுத்தோம். நெகட்டிவ். அண்ணன் நிம்மதியாகிவிட்டார். அரசு மருத்துவமனை டாக்டரோ ரிப்போர்ட்டைப் பார்த்துவிட்டு ஓரமாக வைத்தார். "சரிம்மா, இது இருக்கட்டும். சளி கொண்டு வந்து குடுங்க, மார்புப் படமும் எடுத்துடலாம்" என்றார். அவ்வளவு பணம் கொடுத்து எடுத்த இரத்தப் பரிசோதனை தப்பாக வருமா? வரும் என்றால் எதனால்? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

நீலமலை மருத்துவர்

முதலில் செய்ய வேண்டியதைச் சொல்லிவிடுகிறேன்: நாளைக் காலையே சளியைக் கொடுத்துவிடுங்கள். காரணத்தை அப்புறம் நிதானமாகப் படிக்கலாம். இரண்டு வாரத்துக்கு மேல் இருமல், மாலைக் காய்ச்சல், இரவு வேர்வை, எடை குறைவு, கூடவே சர்க்கரை. இத்தனையும் இருக்கும்போது எந்த இரத்தப் பரிசோதனையும் "காசநோய் இல்லை" என்று தீர்ப்புச் சொல்ல முடியாது. உங்கள் டாக்டர் சொன்னது சரி.

இனி காரணம். டிபி கோல்ட் இரத்தத்தில் கிருமியைத் தேடுகிற பரிசோதனை இல்லை. நுரையீரல் காசநோயில் கிருமி இருப்பது சளியில். இந்தப் பரிசோதனையில் காசநோய்க் கிருமிக்கே உரிய இரண்டு புரதங்களின் துண்டுகளை (ஈசாட்-6, சிஎஃப்பி-10 என்று பெயர்) உங்கள் இரத்தத்தோடு கலந்து ஓர் இரவு முழுக்கச் சூட்டில் வைக்கிறார்கள். உங்கள் டி செல்கள் (நோய் எதிர்ப்புச் செல்களில் ஒரு வகை) அந்தக் கிருமியை முன்பே சந்தித்திருந்தால் இன்டர்ஃபெரான் காமா என்ற பொருளைச் சுரக்கும். அது எவ்வளவு சுரந்தது என்று அளப்பதுதான் பரிசோதனை.

சிறுத்தை வந்துபோனதா என்பதைக் காட்டில் இறங்கிப் பார்க்காமல், ராத்திரி நாய் குரைத்ததா என்று கேட்டுக் கணிப்பது மாதிரி இது. நாய் கிழடாகவோ பட்டினியாகவோ கிடந்தால் சிறுத்தை வாசலிலேயே நின்றாலும் குரைக்காது.

நோய் முற்றும்போது இதுதான் நடக்கிறது. கிருமியை அடையாளம் தெரிந்த செல்களில் பெரும்பகுதி நுரையீரலுக்கோ நெறிக்கட்டிக்கோ போய்விடும், கையில் எடுக்கிற இரத்தத்தில் அவை குறைந்திருக்கும். உடம்பு இளைத்து, புரதச்சத்துக் குறைந்து, மொத்த எதிர்ப்புச் சக்தியும் சோர்ந்திருக்கும். காசநோய் உறுதியான 100 பேருக்கு இதை எடுத்துப் பார்த்தால் சுமார் 20 பேருக்கு நெகட்டிவ் வரலாம். எச்.ஐ.வி. இருப்பவர்கள், மிகவும் மெலிந்தவர்கள், கைக்குழந்தைகள், வயதானவர்கள், சிறுநீரகம் பழுதாகி டயாலிசிஸில் இருப்பவர்கள் ஆகியோரிடம் இது இன்னும் கூடும். கட்டுப்பாட்டில் இல்லாத சர்க்கரையும் இந்தப் பட்டியலில் சேரும்.

அதாவது, யாருக்கு நோய் கடுமையாக இருக்க வாய்ப்போ அவர்களிடம்தான் இந்தப் பரிசோதனை தடுமாறுகிறது. எனக்கு இதில் உண்மையான கவலை உண்டு. நெகட்டிவ் என்ற தாளைக் கையில் வைத்துக்கொண்டு மாதக்கணக்கில் வீட்டிலேயே இருந்துவிட்டு, மூச்சு வாங்கும் நிலையில் தூக்கிக்கொண்டு வரப்படுகிறவர்களைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

தேயிலைத்தூள்

டாக்டர், மரியாதையாகவே கேட்கிறேன். நெகட்டிவ் வந்தாலும் நம்பாதே என்கிறீர்கள். பாசிட்டிவ் வந்தாலும் அது நோயில்லை என்று வேறு சொல்கிறார்கள். அப்படியானால் அந்தப் பரிசோதனையை எதற்கு வைத்திருக்கிறார்கள்? கூலி வேலை செய்கிறவர்கள் பல நாள் சம்பளத்தைக் கொண்டுபோய் அதில் கொட்டுகிறார்களே.

நீலமலை மருத்துவர்

நியாயமான கேள்வி. அந்தப் பரிசோதனைக்கென்று ஒரு வேலை இருக்கிறது. நோயின் அறிகுறியே இல்லாத ஒருவருக்குள் கிருமி உறங்கிக்கொண்டிருக்கிறதா என்று பார்ப்பதற்காக வந்தது அது. காசநோயாளியோடு ஒரே வீட்டில் இருந்தவர்கள், மூட்டுவாதத்துக்கு எதிர்ப்புச் சக்தியைக் குறைக்கும் ஊசி தொடங்கப் போகிறவர்கள், உறுப்பு மாற்று சிகிச்சைக்குத் தயாராகிறவர்கள் ஆகியோருக்கு அது பயன்படும். இருமிக்கொண்டு வருகிறவருக்கு நோய் உண்டா இல்லையா என்று முடிவு செய்ய அது ஏற்றதல்ல. உலக சுகாதார அமைப்பும் நம் தேசிய காசநோய் ஒழிப்புத் திட்டமும் இதில் ஒரே நிலைப்பாடுதான்.

பாசிட்டிவ் பற்றியும் கேட்டீர்கள். நம் நாட்டில் பெரியவர்களில் ஏராளமானோர் உடம்பில் கிருமி உறங்குகிறது. அவர்களில் பெரும்பாலோருக்கு ஆயுள் முழுக்க நோய் வராது. அதனால் பாசிட்டிவ் மட்டும் வைத்து ஆறு மாத மருந்து தொடங்குவதும் தவறு. காசு போகிறதே என்ற உங்கள் ஆதங்கம்தான் எனக்கும். சளிப் பரிசோதனையை அரசு மருத்துவமனையில் இலவசமாகவே செய்கிறார்கள்.

குன்னூர் ஆய்வகம்

நான் லேப் டெக்னீஷியன். டாக்டர் சொன்னது உடம்புக்குள் நடக்கிற காரணம். இரத்தம் உடம்பை விட்டு வெளியே வந்த பிறகும் தப்பு நேர வழி உண்டு. அதுவும் நம் மலையில் கொஞ்சம் அதிகமாகவே உண்டு. இதை யாரும் பேசுவதில்லை என்பதால் விரிவாக எழுதுகிறேன்.

டிபி கோல்டில் இப்போது நான்கு சிறு குழாய்கள். சாம்பல் மூடி, பச்சை மூடி, மஞ்சள் மூடி, ஊதா மூடி. சாம்பல் வெறும் குழாய், ஒப்பிட்டுப் பார்க்க. பச்சையிலும் மஞ்சளிலும் காசநோய்ப் புரதத் துண்டுகள். ஊதாவில் யாருடைய டி செல்லையும் தட்டி எழுப்பக்கூடிய ஒரு பொருள். செல்கள் உயிரோடு, வேலை செய்யும் நிலையில் இருக்கின்றனவா என்று பார்க்க. ஒவ்வொன்றிலும் 1 மில்லி இரத்தம் விழ வேண்டும். குழாயின் பக்கவாட்டில் ஒரு கறுப்புக் குறி இருக்கும், அது 0.8 முதல் 1.2 மில்லி வரையான எல்லை. அதற்குக் கீழும் மேலும் போனால் புரதத்துக்கும் இரத்தத்துக்கும் உள்ள விகிதம் மாறி முடிவை நம்ப முடியாமல் போகும்.

இந்தக் குழாய்கள் வெற்றிடத்தால் தானாகவே இரத்தத்தை இழுப்பவை. கடல் மட்டத்தில் காற்றழுத்தம் 760 மில்லிமீட்டர் பாதரசம், ஊட்டியில் சுமார் 580தான். வெளியழுத்தம் குறைந்தால் குழாய் இழுப்பதும் குறையும். அதனால் சாதாரணக் குழாயை 810 மீட்டர் உயரம் வரைதான் பயன்படுத்தலாம் என்று தயாரிப்பாளரே சொல்லியிருக்கிறார். 1,020 முதல் 1,875 மீட்டர் வரை உள்ள ஊர்களுக்கு உயர்மலைக் குழாய் என்று தனியாக உண்டு. குன்னூரும் கோத்தகிரியும் அந்த எல்லைக்குள் வரும். ஊட்டி சுமார் 2,240 மீட்டர், இரண்டு வகைக்கும் அப்பால். அங்கெல்லாம் சிரிஞ்சில் இரத்தத்தை எடுத்து ஒவ்வொரு குழாயிலும் 1 மில்லி அளந்து ஊற்ற வேண்டும்.

சமவெளியில் இருக்கிற பெரிய லேப், தன் கிளைக்கெல்லாம் ஒரே பெட்டியில் ஒரே வகைக் குழாயை அனுப்பும். மேலே வந்து இரத்தம் எடுக்கிற பையனுக்கு இந்த உயரக் கணக்கை யாரும் சொல்லிக்கொடுத்திருக்க மாட்டார்கள். நீங்கள் இரத்தம் கொடுக்கும்போது கறுப்புக் குறிவரை ஏறியிருக்கிறதா என்று தாராளமாகக் கேட்கலாம். யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள்.

குன்னூர் ஆய்வகம்

தொடர்ச்சி. மேலே எழுதியது நீளமாகிவிட்டது, இன்னும் இரண்டு விஷயம் பாக்கி.

ஒன்று குலுக்கல். புரதத் துண்டுகள் குழாயின் உள்சுவரில் காய்ந்து ஒட்டியிருக்கும். இரத்தம் விழுந்ததும் பத்து முறை, உள்சுவர் முழுதும் இரத்தம் படுகிற மாதிரி குலுக்க வேண்டும். ஏனோதானோவென்று ஒரு தட்டு தட்டி வைத்தால் புரதம் கரையாது, செல்கள் எதையும் சந்திக்காது, நெகட்டிவ் வரும். ஆவேசமாகக் குலுக்கினாலும் உள்ளே இருக்கிற ஜெல் கலைந்து முடிவு கெடும்.

இரண்டு நேரமும் சூடும். இரத்தம் எடுத்த 16 மணி நேரத்துக்குள் குழாய்கள் 37 டிகிரி இன்குபேட்டருக்குள் போயாக வேண்டும். அங்கே 16 முதல் 24 மணி நேரம் இருக்க வேண்டும். இன்குபேட்டருக்குப் போகும்வரை 17 முதல் 25 டிகிரிக்குள் வைத்திருக்க வேண்டும். சர்க்கரை, கொழுப்பு பார்க்க எடுத்த இரத்தத்தோடு சேர்த்து ஐஸ் பெட்டியில் போட்டால் போயிற்று. தை மாதம் ஊட்டியில் ராத்திரி ஒரு மேசைமேல் வைத்துவிட்டுப் போனாலும் ஐஸ் பெட்டியில் வைத்ததற்குச் சமம்தான். ஐப்பசி, கார்த்திகையில் மண் சரிந்து மலைப்பாதை அடைபட்டால் கோயம்புத்தூருக்குப் போக வேண்டிய மாதிரி பாதி வழியில் நிற்கும். செல்கள் அந்த நேரத்தில் சோர்ந்துபோகும். மலையிலேயே இன்குபேட்டர் வைத்திருக்கிற லேபில் எடுப்பது இதற்காகத்தான் நல்லது. இரத்தம் உறையாமல் வைக்கிற லித்தியம் ஹெப்பாரின் குழாயில் மொத்தமாக எடுத்துக் குளிரில் வைத்தால் 48 மணி நேரம் வரை தாங்கும், பிறகு நான்கு குழாயிலும் பிரித்து ஊற்றலாம் என்று ஒரு முறை உண்டு. ஆனால் அது வேறு முறை, நேரடியாக நான்கு குழாயில் எடுத்துவிட்டுக் குளிரில் வைக்கக் கூடாது.

கோத்தகிரிவாசி

இவ்வளவு இருக்கிறதா! அம்மாவின் ரிப்போர்ட்டில் உள்ள எண்களைப் போடுகிறேன்: நில் 0.06, டிபி1 0.21, டிபி2 0.24, மைட்டோஜன் 1.10. கீழே தடித்த எழுத்தில் நெகட்டிவ். இதில் ஏதாவது தெரிகிறதா?

நீலமலை மருத்துவர்

எண்களைப் போட்டது நல்லது. பல ரிப்போர்ட்டில் ஒற்றைச் சொல்தான் இருக்கும். எண்களைக் கேட்டு வாங்குவது நோயாளியின் உரிமை.

பச்சை (டிபி1), மஞ்சள் (டிபி2) குழாய்களின் அளவிலிருந்து சாம்பல் (நில்) குழாயின் அளவைக் கழிக்க வேண்டும். ஏதாவது ஒன்று 0.35 அல்லது அதற்கு மேல் வந்தால் பாசிட்டிவ் (சாம்பல் குழாயின் அளவில் கால் பங்காவது இருக்க வேண்டும் என்ற நிபந்தனையும் உண்டு). அம்மாவுக்கு 0.15, 0.18. ஆக நெகட்டிவ் என்று அச்சடித்தது கணக்குப்படி சரி. ஊதாவிலிருந்து (மைட்டோஜன்) சாம்பலைக் கழித்தால் 1.04. அது 0.5-க்குக் கீழே போயிருந்தால் "முடிவு சொல்ல இயலாது" என்று எழுதியிருப்பார்கள்.

ஊதாக் குழாய் தேறிவிட்டது என்பதற்காக மற்ற இரண்டையும் அப்படியே நம்பவும் கூடாது. பொதுவாகத் தட்டினால் எழும் செல்கள், காசநோய்ப் புரதத்துக்கு மட்டும் எழாமல் போவதுண்டு. அதோடு 0.35 என்பது ஆய்வாளர்கள் வகுத்த கோடுதானே, உடம்பு அப்படிக் கோடு போட்டுக்கொண்டு நோய்ப்படுவதில்லை. ஒரே ஆளுக்கு இரண்டு முறை எடுத்தால் கோட்டை ஒட்டிய அளவுகள் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் தாவும். இந்த 0.18-ஐ வைத்து உங்கள் அம்மாவுக்கு நோய் இருக்கிறது என்றும் நான் சொல்ல மாட்டேன். சளிதான் சொல்ல வேண்டும்.

லவ்டேல் ஆசிரியை

என் அனுபவம் வேறு மாதிரி. முடக்குவாதத்துக்குப் பல காலமாக ஸ்டீராய்டு மாத்திரை. புதிதாக ஊசி தொடங்கும் முன் டிபி கோல்ட் எடுக்கச் சொன்னார்கள். "முடிவு சொல்ல இயலாது" என்று வந்தது. வீட்டில் எல்லோரும் "பாசிட்டிவ் இல்லைதானே, ஊசி போட்டுக்கொள்" என்றார்கள். டாக்டர் ஒத்துக்கொள்ளவில்லை. ஸ்டீராய்டு செல்களை அடக்கி வைத்திருக்கிறது, இந்த முடிவை இல்லை என்று படிக்கக் கூடாது என்று சொல்லி மறுபடி எடுக்கவைத்தார், மார்புப் படமும் பார்த்தார். அந்த வகை ஊசி உறங்குகிற கிருமியை எழுப்பிவிடுமாம். மாத்திரை சாப்பிடுகிறவர்கள் லேபில் அதைச் சொல்லுங்கள்.

நீலமலை மருத்துவர்

உங்கள் டாக்டர் மிகச் சரியாகச் செய்திருக்கிறார் அம்மா. முடிந்தால் ஸ்டீராய்டைக் கூட்டுவதற்கு முன்பே எடுத்துவிடுவது நல்லது. தட்டம்மை போன்ற உயிர்த் தடுப்பூசி போட்டிருந்தாலும் நான்கு முதல் ஆறு வாரம் தள்ளி எடுக்க வேண்டும்.

இன்னொன்றும் உண்டு, கிருமி புதிதாகத் தொற்றியிருந்தால் உடம்பு அதை அடையாளம் கண்டுகொள்ளவே 2 முதல் 8 வாரம் பிடிக்கும். வீட்டில் ஒருவருக்கு நோய் என்று தெரிந்த மறுநாளே எல்லோருக்கும் எடுத்து, நெகட்டிவ் என்று மூடிவைப்பது பயனில்லை.

கொடைக்கானல் சோலை

இங்கே பழனி மலையிலும் இதே கதைதான். டெக்னீஷியன் சார் சொன்ன உயரக் கணக்கு எங்களுக்கும் பொருந்தும், கொடைக்கானல் 2,100 மீட்டருக்கு மேல். என் கேள்வி: பழைய ஃபைல் ஒன்றில் அப்பாவுக்கு "டிபி ஐஜிஜி, ஐஜிஎம்" என்று ஒரு இரத்தப் பரிசோதனை எடுத்த தாள் இருக்கிறது. அதுவும் இதுவும் ஒன்றா? தோலில் போட்டு வீக்கம் பார்க்கிற மாண்டூ ஊசி எடுத்தால் இதைவிடச் சரியாக வருமா?

நீலமலை மருத்துவர்

ஒன்றல்ல. அது எதிர்ப்பொருள் (ஆன்டிபாடி) பரிசோதனை. நோய் இருப்பவருக்கு இல்லை என்றும், இல்லாதவருக்கு இருக்கிறது என்றும் காட்டி நாட்டில் பெரும் சேதம் செய்த பரிசோதனை அது. 2011-இல் உலக சுகாதார அமைப்பு அதைப் பயன்படுத்தவே கூடாது என்று வெளிப்படையாகச் சொன்னது. 2012 ஜூனில் இந்திய அரசு அதன் இறக்குமதி, தயாரிப்பு, விற்பனை எல்லாவற்றையும் தடை செய்தது. யாராவது இன்றைக்கும் எழுதிக்கொடுத்தால் எடுக்காதீர்கள்.

மாண்டூவும் அதே டி செல்களை நம்பித்தான் இருக்கிறது. டிபி கோல்ட் தவறவிடுகிற அதே ஆட்களிடம் அதுவும் தவறும். பிசிஜி (காசநோய்த் தடுப்பூசி) போட்டவர்களுக்குச் சில சமயம் காரணமில்லாமல் வீங்கவும் செய்யும்.

கூடலூர் செவிலி

கோத்தகிரி தம்பி, சளி எடுக்கிற முறையை நான் சொல்கிறேன், ஏனென்றால் சளிப் பரிசோதனையும் தவறுவது பெரும்பாலும் இங்கேதான். காலையில் எழுந்ததும், எதுவும் சாப்பிடுமுன், வெறும் தண்ணீரில் வாயைக் கொப்பளிக்கச் சொல்லுங்கள். வீட்டுக்குள் வேண்டாம், வெளியே காற்றோட்டமான இடத்தில் நின்று மூச்சை ஆழமாக இழுத்து அடக்கி, நெஞ்சுக்குள்ளிருந்து இருமித் துப்ப வேண்டும். கெட்டியாக, மஞ்சளாகவோ வெள்ளையாகவோ வந்தால் சளி. நுரையாக, தண்ணியாக இருந்தால் அது எச்சில், அதை லேபில் கொடுத்துப் பயனில்லை. டப்பாவை இறுக்கி மூடி அன்றே கொண்டுபோங்கள். வரமாட்டேன் என்கிறது என்றால் மருத்துவமனையில் சொல்லுங்கள், உப்புநீர் ஆவி பிடிக்கவைத்து எடுப்பார்கள்.

சிபிநாட் அல்லது ட்ரூநாட்டில் போடச் சொல்லிக் கேளுங்கள். அவை கிருமியின் மரபணுவையே தேடும். மைக்ரோஸ்கோப்பில் தெரிய ஒரு மில்லி சளியில் 5,000 முதல் 10,000 கிருமி வேண்டும், சிபிநாட்டுக்கு நூற்றுச் சொச்சமே போதும். காசநோய்க்கு முக்கியமான ரிஃபாம்பிசின் மருந்து கேட்குமா என்பதும் கூடவே தெரிந்துவிடும். ட்ரூநாட் நம் நாட்டிலேயே உருவான கருவி, பேட்டரியில் ஓடும். கரண்ட் போய்ப் போய் வருகிற எங்கள் பக்கத்துக்கு அது பெரிய உதவி.

கழுத்தில் நெறிக்கட்டி, வயிறு, எலும்பு என்று வேறு இடத்தில் நோய் இருந்தால் சளியில் வராது. கட்டியிலிருந்து ஊசி வைத்து எடுத்துப் பார்ப்பார்கள். அங்கேயும் டிபி கோல்ட் நெகட்டிவ் என்று விட்டுவிடக் கூடாது.

தேயிலைத்தூள்

நன்றி அக்கா, நன்றி டாக்டர். புரிந்தது. எங்கள் லைனிலும் இரண்டு பேர் இந்த மாதிரி இருமிக்கொண்டிருக்கிறார்கள். ஒருவர் டிபி கோல்ட் எடுக்கக் கடன் கேட்டுக்கொண்டிருந்தார். சளி டப்பாவோடு அனுப்பிவைக்கிறேன்.

கோத்தகிரிவாசி

சளி ரிசல்ட் வந்துவிட்டது. காசநோய்க் கிருமி கண்டறியப்பட்டது, ரிஃபாம்பிசின் எதிர்ப்பு இல்லை. படத்திலும் வலது பக்கம் மேலே நிழல் இருக்கிறது. எடை, கால் வீக்கம், மூச்சு எண்ணிக்கை, ஆக்சிஜன் எல்லாம் பார்த்து, சேர்த்துக்கொள்ளத் தேவையில்லை, வீட்டிலிருந்தே மாத்திரை என்றார்கள். சர்க்கரைக்கும் எச்.ஐ.வி.க்கும் இரத்தம் எடுத்தார்கள். நிக்ஷய் (அரசின் காசநோயாளர் பதிவேடு) பதிவு போட்டு, மாதம் 1,000 ரூபாய் சத்துணவுக்கு வங்கியில் வரும் என்றார்கள்.

வீட்டில் அண்ணனின் குழந்தை இருக்கிறது, மூன்று வயது, பாட்டி மடியிலேயே தூங்கும். அண்ணி குழந்தைக்கு டிபி கோல்ட் எடுக்கலாமா என்று கேட்கிறார்.

நீலமலை மருத்துவர்

தெரிந்ததே நல்லது. மருந்து கேட்கிற கிருமி, ஆறு மாதம் விடாமல் சாப்பிட்டால் குணமாகும். சர்க்கரையையும் கட்டுக்குள் கொண்டுவாருங்கள், மருந்து நன்றாக வேலை செய்யும்.

குழந்தைக்கு டிபி கோல்ட் வேண்டாம். ஐந்து வயதுக்குக் கீழே அதன் நெகட்டிவை நம்பி எதையும் முடிவு செய்ய முடியாது. அந்த வயதில் தொற்றினால் மூளைக்காய்ச்சலாகவோ உடம்பெல்லாம் பரவியோ வேகமாக முற்றும். அதனால் வீட்டில் ஒருவருக்கு நோய் உறுதியானால், ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைக்கு நோய் இல்லை என்று டாக்டர் பார்த்துச் சொன்ன பிறகு, எந்தத் தொற்றுப் பரிசோதனையும் இல்லாமலே தடுப்பு மருந்து தொடங்குவதுதான் திட்டத்தின் விதி. எடையைப் பார்த்துத்தான் அளவு சொல்வார்கள், குழந்தையை நேரில் கொண்டுபோங்கள். பிசிஜி போட்டிருக்கிறதே என்று விட்டுவிட வேண்டாம்.

அண்ணன், அண்ணி, நீங்கள் மூவரும் மார்புப் படம் எடுத்துக்கொள்ளுங்கள். உங்களுக்கும் தடுப்பு மருந்து உண்டு. பரிசோதனைக் கருவி இல்லை என்ற காரணத்துக்காக அதை நிறுத்திவைக்கவும் தேவையில்லை.

கூடலூர் செவிலி

அம்மா தனி அறையில் படுக்க முடியாவிட்டால் ஜன்னலோரமாகப் படுக்கட்டும் தம்பி. குளிருக்குப் பயந்து லைன் வீட்டில் எல்லா ஜன்னலையும் அடைத்துவிடுகிறோம், அது கூடாது. பகலிலாவது திறந்துவையுங்கள், அம்மா முகக்கவசம் போட்டுக்கொள்ளட்டும். குழந்தை கொஞ்ச நாள் அண்ணியோடு தூங்கட்டும்.

கோத்தகிரிவாசி

சரிங்க அக்கா. நாளைக்கு முதல் பஸ்ஸில் குழந்தையைக் கூட்டிக்கொண்டு மூவரும் போகிறோம். படமும் அங்கேயே எடுத்துக்கொள்கிறோம். அண்ணனும் லீவு சொல்லிவிட்டார்.